சின்ன வகுப்பு நம்ம பிள்ளைக்குப் பொருந்துமா?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பெற்றோருக்காக முன்பருவக் கல்வி பற்றி சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

வேப்பந்தட்டையில இருந்து வந்திருக்கீங்க, ஆண்டிமடத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க. மடியில பிள்ளை, கையில பை. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடறேன். பிள்ளைங்க சத்தம் போட்டா போடட்டும். யாரும் எழுந்து வெளிய கூட்டிட்டுப் போக வேண்டாம்.

என்கிட்ட அம்மாக்கள் அதிகமா கேக்குற கேள்வி இது: "டீச்சர், பையனுக்கு மூணு வயசு முடியப் போவுது. இன்னும் பேச்சு வரல. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான். எல்லாப் புள்ளைங்களும் போற இடத்துல விடவா, இவங்களுக்குன்னே இருக்கிற இடத்துல விடவா? கும்பல் இல்லாத சின்ன வகுப்பா இருந்தா நல்லதுன்னு சொல்றாங்களே?" கேட்டுட்டு, குரலைத் தாழ்த்தி இன்னொன்னும் சொல்வாங்க. "வீட்டுல வேணாங்குறாங்க. ஊருக்குத் தெரிஞ்சுட்டா பெரியவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்க முடியாதாம்."

இந்த ரெண்டாவது பேச்சாலதான் நிறைய பிள்ளைங்க அஞ்சு வயசு வரைக்கும் வீட்டுத் திண்ணையிலயே இருந்துடுறாங்க. அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாரு, சாமிக்கு வேண்டியிருக்கோம், பள்ளிக்கூடம் போனா தானா சரியாயிடும், இப்படிச் சொல்லிச் சொல்லியே ரெண்டு வருஷம் ஓடிப்போகும். நான் யாரையும் குத்தம் சொல்லல. பயம் எல்லாருக்கும் இருக்கு. ஆனா மூணு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள காலத்துல பிள்ளையோட மூளை எவ்வளவு வேகமா கத்துக்குமோ, அந்த வேகம் பின்னாடி அதே மாதிரி வராது.

உள்ளடக்கிய வகுப்புன்னா என்ன? மாற்றுத்திறன் உள்ள பிள்ளையும் மத்த பிள்ளைங்களும் ஒரே பாயில உக்காந்து, ஒரே பாட்டைப் பாடி, ஒரே நேரத்துல சாப்பிடுற வகுப்பு. அவ்வளவுதான். இது நேத்து முளைச்ச யோசனை இல்ல. ஏழைக் குழந்தைகளுக்காக அமெரிக்காவில் நடக்கும் ஹெட் ஸ்டார்ட் முன்பருவக் கல்வித் திட்டத்தில், 1972-லேயே 10 சதவீத இடம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு என்று சட்டம் போட்டார்கள். 1994-ல் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் உலக நாடுகள் கூடி, எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளியிலேயே சேர்த்துப் படிக்க வைப்பதுதான் நெறி என்று அறிவித்தன. நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் வந்தது. அரசு நிதி பெறும் பள்ளியோ அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொண்டு உள்ளடக்கிய கல்வி தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் தெளிவா புரிஞ்சுக்கங்க. இலவசக் கல்வி உரிமைன்னு சட்டம் கறாரா சொல்றது 6 வயசுல இருந்துதான் ஆரம்பிக்குது. நாம இப்ப பேசுறது அதுக்கு முந்தின வயசு. அந்த வயசுக்கு நம்ம மாவட்டங்கள்ல திறந்திருக்கிற பெரிய கதவு, நாம பால்வாடின்னு கூப்பிடுற அங்கன்வாடி.

சென்னை, பெங்களூர் மாதிரி ஊர்ல பத்துப் பிள்ளை, ரெண்டு ஆசிரியை, பேச்சுப் பயிற்சியாளர்னு வச்சு நடத்துற மழலையர் பள்ளிகளை யூடியூப்ல பாத்துட்டு, "நம்ம ஊர்ல அப்படி ஒண்ணும் இல்லையே"ன்னு சொல்றீங்க. யோசிச்சுப் பாருங்க. செந்துறை பக்கத்துலயோ குன்னம் பக்கத்துலயோ ஒரு கிராமத்து அங்கன்வாடியில காலையில எத்தனை பிள்ளை வருது? பல இடத்துல பதினஞ்சு, இருபது. எல்லாம் உங்க தெருப் பிள்ளைங்க, நாளைக்கு அதே ஊர் ஒன்றியப் பள்ளியில உங்க பிள்ளையோட ஒண்ணாம் வகுப்புல உக்காரப் போற பிள்ளைங்க. சின்ன வகுப்பு நம்ம ஊர்லயே இருக்கு. நாம அதை அந்தக் கண்ணோட பாக்கல.

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று சுமார் 54 ஆயிரம் மையங்கள் உள்ளன. 2023 நவம்பர் 28 அன்று மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே ஓர் அங்கன்வாடி வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது. குறைபாட்டின் அறிகுறியை ஆரம்பத்திலேயே கவனிப்பது, பிள்ளையை மையத்தின் எல்லாச் செயல்பாட்டிலும் சேர்த்துக்கொண்டு குடும்பத்துக்குத் துணை நிற்பது, சுகாதாரப் பணியாளர் வழியாக மருத்துவக் குழுவிடம் அனுப்புவது. இந்த மூன்றும் அங்கன்வாடிப் பணியாளரின் வேலை என்று அதில் இருக்கிறது. அதனால "இந்த மாதிரி பிள்ளைய இங்க சேத்துக்க மாட்டோம்"னு யாராவது சொன்னா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வராதீங்க. வட்டாரத்துல இருக்கிற குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்கிட்ட போய்ப் பேசுங்க. சேர்க்கைக்கு மாற்றுத்திறன் சான்றிதழ் முதல்லயே வேணும்ங்கிறதும் இல்ல.

சரி, கதவு திறந்திருக்கு. உள்ள போனா நம்ம பிள்ளைக்குப் பொருந்துமா? இங்க நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்றேன்.

சில வருஷம் முன்னாடி, ஆட்டிசம் உள்ள ஒரு பையனோட அம்மா என்கிட்ட வந்தாங்க. ஒரு தனியார் மழலையர் பள்ளி இருந்துச்சு. வகுப்புல 9 பேர்தான். ஏசி அறை, வண்ண வண்ண சுவர். நான் 9-ங்கிற எண்ணை மட்டும் பாத்தேன். "நல்ல சின்ன வகுப்பு, விடுங்கம்மா"ன்னு சொல்லிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சுப் போய்ப் பாத்தா, மத்த 8 பிள்ளைங்க தரையில வட்டமா உக்காந்து பாடுறாங்க. அந்தப் பையன் சுவரோரம், முன்னாடி பலகை பூட்டின நாற்காலியில இருக்கான். அவனா இறங்க முடியாது. கையில ஒரு போன். "ரொம்ப அமைதியாயிட்டான் மேடம், எந்தத் தொந்தரவும் இல்ல"ன்னு ஆசிரியை சந்தோஷமா சொல்றாங்க. அவங்க கெட்டவங்க இல்ல. அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அந்த அம்மா மாசாமாசம் கட்டின காசும் போச்சு, அதைவிட அந்தப் பையனோட ரெண்டு மாசம் போச்சு. அதுல எனக்கும் பங்கு இருக்கு.

அதே வருஷம் ஒரு கிராமத்து அங்கன்வாடிக்குப் போனேன். ஓட்டுக் கட்டடம். 18 பிள்ளைங்க, ஒரு ஆசிரியை, ஒரு உதவியாளர். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண் குழந்தை, மூணரை வயசு. சாப்பாட்டு நேரத்துல எல்லாருக்கும் தட்டு எடுத்து வைக்கிறது அவ வேலை. ஒவ்வொரு தட்டையும் வைக்கும்போது அந்தப் பிள்ளையோட பேரைச் சொல்லணும். பாதிப் பேர் வாயில வராது. "மா", "பா"ன்னு சொல்லுவா. மத்ததுங்க திருத்தும். அவ மறுபடி சொல்லுவா. 18 பேர், 18 தடவை பேச்சுப் பயிற்சி, தினமும். அந்த ஆசிரியை இதை எந்தப் பயிற்சி முகாம்லயும் கத்துக்கல. "சும்மா உக்காந்தா அவளுக்குக் கோவம் வருதுங்க, அதான் வேலை குடுத்தேன்"னாங்க.

அதனால வகுப்புல எத்தனை பேர்னு கேளுங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க. தனியார் மழலையர் பள்ளிகளுக்கு 3 முதல் 6 வயது வரை 20 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை, ஒரு உதவியாளர் என்பது தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல். அதைவிடக் குறைவா இருந்தா நல்லது. ஆனா பெரியவங்களோட கண்ணு உங்க பிள்ளை மேல ஒரு மணி நேரத்துல எத்தனை தடவை விழுது, விழும்போது என்ன நடக்குது, அதுதான் கணக்கு.

இதைப் பாக்க ஒரே வழிதான் இருக்கு. ஒரு காலை முழுக்க அங்க போய் உக்காருங்க. சேக்குறதுக்கு முன்னாடி பிள்ளையை விட்டுட்டு நீங்க மட்டும் ஒரு நாள், பிறகு பிள்ளையோட ஒரு நாள். பாட்டு நேரத்தைப் பாக்காதீங்க, ஆள் வந்திருந்தா எல்லா வகுப்பும் பாட்டு நேரத்துல அழகாத்தான் இருக்கும். கஷ்டமான நேரத்தைப் பாருங்க. செருப்பைக் கழட்டி உள்ள வர்ற நேரம், விளையாட்டை நிறுத்திட்டுச் சாப்பிடக் கூப்பிடுற நேரம், ஒரு பிள்ளை இன்னொண்ணைக் கடிச்சிடுற நேரம், கால்சட்டையை நனைச்சிடுற நேரம். அப்ப ஆசிரியை என்ன செய்றாங்க? முகம் சுளிக்கிறாங்களா? "ஏய், கடிக்கிற பையா"ன்னு பட்டப்பேரு வைக்கிறாங்களா? இல்ல பக்கத்துல குத்துக்காலிட்டு உக்காந்து, பிள்ளையோட கண்ணுக்கு நேரா பேசுறாங்களா? முன்னாடியே மாற்றுத்திறன் உள்ள பிள்ளை யாராவது அங்க இருந்தா, அந்தப் பிள்ளை எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க. வட்டத்துக்குள்ளயா, ஆயாம்மா பக்கத்து மூலையிலயா? அந்த ஒரு காட்சியே பாதிப் பதில்.

அப்புறம் ஆசிரியைகிட்ட ஒரு கேள்வி கேளுங்க. "எம் புள்ளை பேச மாட்டான், அவனுக்குத் தண்ணி வேணும்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?" தெரியலன்னு சொல்லி, "நீங்க வீட்டுல எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"ன்னு திருப்பிக் கேட்டாங்கன்னா, அந்த ஆசிரியையை விடாதீங்க. "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்"னு உடனே பதில் வந்தா எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

வாசலையும் பாருங்க. அரியலூர்ப் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் எந்நேரமும் ஓடுற ரோடு. சில பிள்ளைங்க கதவு திறந்திருந்தா போதும், திரும்பிப் பாக்காம ஓடும். சுற்றுச்சுவர் இல்லாத, ரோட்டை ஒட்டின மையம் அந்த மாதிரி பிள்ளைக்கு ஆகாது, ஆசிரியை எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும். முதல்ல கேட்டு போடச் சொல்லி ஊராட்சியில மனு குடுங்க. அது வர்ற வரைக்கும் ஒரு தாழ்ப்பாளாவது மேல, பிள்ளைக்கு எட்டாத உயரத்துல வைக்கச் சொல்லுங்க. அதுவும் முடியலன்னா அடுத்த தெரு மையத்தைப் பாக்கலாம்.

இன்னும் சில பிள்ளைங்களுக்கு இந்த வகுப்பு இப்ப ஆகாது, அல்லது இது மட்டும் போதாது. வலிப்பு அடிக்கடி வந்துட்டிருக்கிற பிள்ளைன்னா, மருந்து சரியாகி, வலிப்பு வந்தா என்ன செய்யணும்னு ஆசிரியைக்குச் சொல்லிக் குடுத்த பிறகு விடுங்க. பத்துப் பிள்ளை சத்தம்கூடத் தாங்காம தலையில அடிச்சுக்கிற பிள்ளைன்னா, முதல்ல தினம் அரை மணி நேரம் மட்டும் விட்டுப் பாருங்க. காது கேக்காத பிள்ளைக்குச் சிறப்பு ஆரம்பநிலைப் பயிற்சி அவசியம் வேணும். சும்மா வகுப்புல உக்கார வச்சா, அவன் எல்லார் முகத்தையும் பாத்துட்டு வீட்டுக்கு வருவான், அவ்வளவுதான்.

காதுன்னதும் ஒண்ணு அழுத்திச் சொல்லணும். பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும், வகுப்பைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி காது பரிசோதனை செஞ்சிடுங்க. தட்டு விழுந்த சத்தத்துக்குத் திரும்புறான், அதனால காது நல்லா இருக்குன்னு நினைக்காதீங்க. சில சத்தம் கேட்டு, பேச்சு சரியா கேக்காத பிள்ளைங்களும் உண்டு. பிறவியிலேயே கேட்கும் திறன் இல்லாத பிள்ளைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சை செய்றாங்க, ஆனா அதுக்கு 6 வயசுங்கிற எல்லை இருக்கு. "பள்ளிக்கூடம் போனா பேசிடுவான்"னு காத்திருந்து அந்த வயசைத் தாண்டி வந்த பிள்ளையைப் பாக்கும்போது எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

பரிசோதனைக்கு எங்க போறது? தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடிக்கு வரணும். எப்ப வருவாங்கன்னு ஆசிரியைகிட்ட கேட்டு வச்சுக்கங்க. அங்கிருந்து அரசு மருத்துவமனையோட இணைஞ்ச மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவாங்க. அவங்க வர்ற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், நீங்களே நேரா அரசு மருத்துவமனைக்குப் போகலாம். பள்ளிக் கல்வித் துறையோட வட்டார வள மையம் பெரம்பலூர் மாவட்டத்துல பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர்னு ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இருக்கு. அரியலூர்ல அரியலூர், திருமானூர், செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், தா.பழூர். அங்க சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் இருப்பாங்க. பள்ளி வயசு வராத பிள்ளையையும் பதிவு பண்ணிக்குவாங்க. சாதாரண கட்டண நகரப் பஸ்ல அம்மாவுக்கு இலவசம், மாற்றுத்திறனாளி பிள்ளைக்கும் இலவசம். தனித்துவ அடையாள அட்டைக்கு சுவாவலம்பன் இணையதளத்துல போன்லயே விண்ணப்பிக்கலாம். ஆதாரும் போட்டோவும் கையில இருந்தா பத்து நிமிஷ வேலை. முடியலன்னா இ-சேவை மையம்.

போன்னு சொன்னதும் ஞாபகம் வருது. எல்லார் கையிலயும் நல்ல போன் இருக்கு. பிள்ளை கையில அதைக் குடுக்குறதைக் குறைச்சுக்கங்க. 2 முதல் 4 வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரை கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொல்லியிருக்கு. அதைவிடக் குறைவா இருந்தா இன்னும் நல்லது. அதே போனை நீங்க வேற வேலைக்கு வச்சுக்கங்க. பிள்ளை வீட்டுல சாப்பிடுறது, அடம் பிடிக்கிறது, ஒரு பொருளைக் கேக்குறது, இதையெல்லாம் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் வீடியோ எடுங்க. டாக்டர் முன்னாடி பிள்ளை பூனை மாதிரி இருப்பான், வீட்டுல புலி. அந்த வீடியோ டாக்டருக்கும் உதவும், ஆசிரியைக்கும் உதவும். ஆனா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுடாதீங்க, அது பிள்ளையோட சொந்த விஷயம்.

இங்க மாற்றுத்திறன் இல்லாத பிள்ளைங்களோட பெற்றோரும் சில பேர் வந்திருக்கீங்க. போன மாசம் ஒரு அப்பா நேராவே கேட்டாரு. "அந்தப் புள்ளையோட உக்காந்தா எம் புள்ளையும் அதே மாதிரி செய்யாதா?" கேட்டதுல தப்பில்ல, மனசுல வச்சுட்டு மையத்தையே மாத்துறதுக்கு இது மேல். பதில் இதுதான். மூணு வயசுப் பிள்ளை எல்லாத்தையும் ஒரு வாரம் பாத்துச் செய்யும். கைதட்டுறதைச் செய்யும், கத்துறதையும் செய்யும், சினிமா டயலாக்கையும் சொல்லும். பிறகு விட்டுடும். ஆட்டிசமும் டவுன் சிண்ட்ரோமும் ஜலதோஷம் இல்ல, ஒட்டிக்காது. ஆசிரியையோட கவனம் பூரா ஒரே பிள்ளைமேல போயிடுதான்னு பாருங்க, அது நியாயமான கவலை. போயிட்டிருந்தா கூட ஒரு ஆள் கேளுங்க. பிள்ளையை வெளிய அனுப்பச் சொல்லிக் கேக்காதீங்க.

சேத்தாச்சு. இனி எத்தனை நாள் பாக்குறது? முதல் மூணு வாரம் அழுகையை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. எந்தப் பிள்ளையும் அழும். நான் வச்சிருக்கிற கணக்கு மூணு மாசம். சேத்த அன்னைக்கு ஒரு நோட்டுல, இல்ல போன்ல, மூணே மூணு விஷயம் எழுதி வைங்க, உங்க பிள்ளைக்கு எது முக்கியமோ அது. "தானா ஒரு வாய் எடுத்துச் சாப்பிடணும்." "இன்னொரு பிள்ளை பக்கத்துல வந்தா தள்ளாம இருக்கணும்." "தண்ணி வேணும்னா கையைக் காட்டணும்." ஏபிசிடி எழுதணும்னு எழுதாதீங்க. மூணு மாசம் கழிச்சுப் பாருங்க. மூணுல ஒண்ணாவது அசைஞ்சிருந்தா தொடருங்க. ஒண்ணும் அசையல, காலையில செருப்பை எடுத்தாலே இன்னும் நடுங்குறான்னா, ஆசிரியையோட உக்காந்து பேசுங்க, நேரத்தைக் குறைச்சுப் பாருங்க. அப்பவும் ஆகலன்னா மாத்துங்க. மாத்துறது தோல்வி இல்ல. இந்த வயசுல நீங்க எடுக்கிற முடிவு மூணு மாசத்துக்கான முடிவுதான், ஆயுசுக்கான முடிவு இல்ல. காலையில அங்கன்வாடி, வாரத்துல ரெண்டு நாள் பயிற்சி மையம்னு ரெண்டையும் சேத்து ஓட்டுற குடும்பங்கள் நிறைய இருக்கு, அதுதான் பல பிள்ளைங்களுக்குப் பொருந்தியிருக்கு.

ஒண்ணே ஒண்ணு, வகுப்புல விட்டாச்சுன்னு பயிற்சியை நிறுத்திடாதீங்க. பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி ரெண்டுக்கும் வகுப்பு மாற்று இல்ல.

மாமியார் ஒத்துக்கலன்னு சொன்ன அம்மாவுக்கு, நீங்க சண்டை போடாதீங்க. ஒரு நாள் அவங்களையே சாப்பாட்டு நேரத்துக்கு அங்கன்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்க. பேரன் மத்த பிள்ளைங்களோட வரிசையில உக்காந்து முட்டை சாப்பிடுறதை அவங்க கண்ணால பாக்கட்டும். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு வீட்டுல, அதுக்குப் பிறகு பிள்ளையைக் கொண்டு போய் விடுறதே அந்தப் பாட்டிதான்.

நான் பேசினது போதும். படிவம் எழுதணும்ங்கிறவங்க வலது பக்க மேஜைக்கு வாங்க, காது பரிசோதனைக்குப் பேர் குடுக்கிறவங்களும் அங்கேயே. பின்னாடி ஒரு பாட்டி ரொம்ப நேரமா கை தூக்கிட்டு இருக்காங்க. சொல்லுங்க பாட்டி.